இருபத்திரண்டாவது பேர்

மிட்டாயை வாயில போட்டது தப்பு. கொடி ஏத்தினதும் தட்டுல நீட்டினாங்க, பழக்கதோஷம், எடுத்துப் போட்டுக்கிட்டேன். இப்ப அந்த ஆரஞ்சு மிட்டாய் மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு, கரையவும் மாட்டேங்குது, கடிபடவும் மாட்டேங்குது. சுபேதார் துரைக்கண்ணு மைக்கைத் தட்டிட்டாரு. பேர் கூப்பிட ஆரம்பிச்சாச்சு. "சிப்பாய் முனிரத்தினம், ஜெர்மன் சண்டை." கம்பெனி அட்டையைக் கழுத்துல இருந்து கழட்டாமலே வந்திருக்கிற ஒருத்தர், அவருக்குக் கொள்ளுப்பேரனோ எள்ளுப்பேரனோ, எழுந்து "இருக்காரு"ன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. அவ்வளவுதான் வேலை. வெளியூர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க, ஆனா எங்க ஊர் வழக்கம் இது. ஆகஸ்ட் பதினஞ்சு அன்னிக்கு, கொடி ஏத்தின கையோட, சண்டையில செத்த எங்க ஊர் ஆளுங்க பேரை ஒவ்வொண்ணா கூப்பிடுவாங்க. பட்டாளத்துல காலையில ஆள் எண்ணுவாங்களே, அது மாதிரி. அந்த வீட்டு ஆள் ஒருத்தர் எழுந்து "இருக்காரு"ன்னு சொல்லணும். மூணு தடவை கூப்பிட்டும் யாரும் எழுந்திருக்கலேன்னா, அடுத்த வருஷத்துல இருந்து அந்தப் பேர் கூட்டுப் பேருக்குப் போயிடும். கூட்டுப் பேரைக் கடைசியில ஒரே மூச்சுல படிப்பாங்க, கூட்டமா ஒரு தடவை "இருக்காங்க"ன்னு சொல்லிட்டு வடை காபிக்குப் போயிடுவோம். மொத்தம் நாப்பத்து மூணு பேர். பதினேழு பேர் கூட்டுக்குப் போயாச்சு. மிச்சம் இருபத்தாறு. அதுல தணிகாசலம் இருபத்திரண்டாவது. இத்தனை வருஷமா அந்தப் பேருக்கு எழுந்து நின்னது எங்க அத்தை பச்சையம்மா, அவரைப் பெத்தவ. மாசி மாசம் அவளும் போய்ச் சேர்ந்துட்டா. ஒத்தைப் பிள்ளை, அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. இனி அந்த வீட்டுல யாரு இருக்கா? நான்தான். நான் அந்த வீடா? தணிகாசலத்துக்கு வாக்கப்பட்டவ. நாப்பத்தொரு நாள் கூட இருந்தவ. மூணு வருஷம் கழிச்சு இன்னொருத்தருக்குக் கழுத்தை நீட்டினவ. அந்த இன்னொருத்தர், ஏகாம்பரம், இதோ பக்கத்து நாற்காலியில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டேன், ரெண்டு பேரோடதும். மனசுக்குள்ள சொன்னா யாரு கேக்கப் போறா. என் வாயில என்னமோ மாட்டிக்கிச்சுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ, தண்ணி பாட்டிலை நீட்டறாரு.

வேணாம்னு தலையை ஆட்டினேன். தண்ணி குடிச்சா மிட்டாய் போயிடும், மிட்டாய் போனா பேச முடியாததுக்கு ஒரு சாக்கு குறையும். ஜெர்மன் சண்டைக்காரங்க நாலு பேரும் முடிஞ்சாச்சு. முதல் உலகப் போர்ல செத்தது பதினாலு பேர், மத்தவங்க கூட்டுப் பேருக்குப் போக மிச்சம் அந்த நாலுதான். இப்ப ஜப்பான் சண்டை. "நாயக் வையாபுரி, பர்மா." "இருக்காரு." அந்த அம்மா எவ்வளவு சுலபமா சொல்லிட்டு உக்காருது. எனக்கு இந்த வாயை நினைச்சாத்தான் பயம். ஒரு தடவை இது என்ன பண்ணிச்சுன்னு ஊருக்கே தெரியும். அந்த வருஷம் தந்தி வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொம்பது வயசு. இதே பள்ளிக்கூட மைதானம், இதே வேப்பமரம், முன்வரிசையில உக்கார வெச்சாங்க. எந்தப் புடவை கட்டினேன்னு ஞாபகம் இல்லை, யாரோ கட்டிவிட்டாங்க. "சிப்பாய் தணிகாசலம், கார்கில்"னு கூப்பிட்டாரு சுபேதார், அப்ப அவருக்கு மீசை கறுப்பு. நான் எழுந்தேன். நல்லாத்தான் எழுந்தேன். எழுந்து, கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி, தெளிவா, "இல்லீங்க"ன்னேன். வேணும்னா சொன்னேன்? கல்யாணம் ஆகி அந்த வாசல்ல நின்னு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிப் பழக்கம். பால்காரர் கேட்டாலும் சரி, ஓட்டர் லிஸ்டுக்கு வர்ற வாத்தியார் கேட்டாலும் சரி. "தணிகாசலம் இருக்காரா?" "இல்லீங்க, டூட்டிக்குப் போயிருக்காரு." பட்டாளத்துக்காரன் பொண்டாட்டிக்கு நாளெல்லாம் வேற என்ன பதில் இருக்கு? வாய் அது பாட்டுக்குப் பழகினதைச் சொல்லிடுச்சு. மீதிப் பாதி, டூட்டிக்குப் போயிருக்காருங்கறது, தொண்டையிலேயே நின்னுடுச்சு. மைக் மட்டும் ஊய்ங்குது. எனக்கு என்ன சொன்னோம்னே முதல்ல புரியலை. அப்ப என் தோள் மேல ஒரு கை வந்து அழுத்துச்சு, அத்தை கை, களை எடுத்துக் காய்ச்சுப்போன கை. "இருக்கான்"னு சொன்னா. கத்தலை. அழலை. பிள்ளை உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு சொல்ற மாதிரி சொன்னா. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, இன்னிக்கு என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டப் போறான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். தெருமுனை வந்ததும் நின்னா. "நெசத்தைத்தானே சொன்ன. விடு"ன்னா. அதுக்கப்புறம் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கலை. ஆனா அடுத்த வருஷத்துல இருந்து சுபேதார் கூப்பிடறதுக்கு முன்னாடியே எழுந்து நிக்க ஆரம்பிச்சுட்டா, எனக்கு அந்த வேலையே வரக்கூடாதுன்னு.

பத்து, பதினொண்ணு. விரலை மடக்கி எண்ணிக்கிட்டு இருக்கேன், முந்தானைக்குள்ள. மிட்டாய் பாதியாச்சு. நாப்பத்தொரு நாள்ல ஒரு ஆளைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டாங்கன்னா நான் என்ன சொல்லுவேன்? கல்யாணத்துக்கு முப்பது நாள் லீவு, அப்புறம் பொங்கலுக்குப் பதினோரு நாள், தீந்தது. காலையில நாலரைக்கு எழுந்துடுவாரு. போர்வையை நாலு மூலையும் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற மாதிரி மடிப்பாரு, நான் மடிச்சதைப் பிரிச்சு மறுபடி மடிப்பாரு, எனக்கு எரிச்சலா வரும். மெத்தையில தூக்கம் வராது, தரையில துண்டை விரிச்சுப் படுப்பாரு. ரசம் சாதத்தை நின்னுக்கிட்டே சாப்பிடுவாரு, உக்காருங்கன்னா உக்காருவாரு, ரெண்டு வாய்க்கு அப்புறம் பாத்தா மறுபடி நின்னுக்கிட்டு இருப்பாரு. முகம் போட்டோவைப் பாக்காம இப்ப வர மாட்டேங்குது. போட்டோ முகம் அவரோட முகமே இல்லை, யாரோ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். கைதான் ஞாபகம் இருக்கு. விரல் நுனியெல்லாம் கீறல், சின்னச் சின்ன வடு. பட்டாளத்துல அவருக்கு டெலிபோன் ஒயர் இழுக்கிற வேலை. கீழ் முகாம்ல இருந்து மேல் முகாமுக்கு ஒயர் போடறது, அறுந்தா போய் முறுக்கிச் சேர்க்கறது. சண்டைக்காரர்னு பேரு, துப்பாக்கியை விட கட்டிங் பிளேயரைத்தான் அதிகம் பிடிச்சேன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. அப்புறம் செருப்பு. அதைச் சொல்லணும். தினமும் அவரோட பூட்ஸைத் தேய்க்கும்போது என் செருப்பையும் எடுத்துப் பாலீஷ் போட்டு, ரெண்டையும் ஒரே கோட்டுல வாசல்ல வெப்பாரு. எனக்குத் தையல் கிளாஸுக்கு மூணு கிலோமீட்டர் நடக்கணும். எதிர்வீட்டுக்காரர் பாத்துட்டு, "என்னய்யா, பொண்டாட்டி செருப்பைத் தொடைக்கத்தான் கவர்மெண்ட் உன்னைப் பழக்கிச்சா?"ன்னாரு. நான் கூனிப் போயிட்டேன். இவர் நிமிர்ந்துகூடப் பாக்கலை. "தூரம் நடக்கறவங்க செருப்பு நல்லா இருக்கணும்ணே"ன்னாரு, துணியில எச்சிலைத் தொட்டு வாரைத் தேய்ச்சுக்கிட்டே. அந்த மாதிரி ஆம்பளையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை. நாப்பத்தொரு நாள் கொஞ்சம்னு யார் சொன்னாலும் எனக்குக் கோவம் வரும்.

"லான்ஸ் நாயக் சின்னப்பன், பர்மா." "இருக்காரு." அதோட ஜப்பான் சண்டையும் முடிஞ்சுது, பதினாலு ஆச்சு. அடுத்து சீனாச் சண்டை, அறுபத்தஞ்சு, எழுபத்தொண்ணு. அதுல ஏழு பேர். ஏழு பேர் ஒரு பெரிய விஷயமா, மூச்சு விடறதுக்குள்ள ஓடிடும். வெயில் பந்தல் ஓட்டை வழியா வந்து கரெக்டா என் முழங்கால் மேல உக்காருது. செல்லையா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். தணிகாசலத்தோட ஒரே யூனிட்ல இருந்தவரு, ஊர் சாத்தான்குளம் பக்கம், அடுத்த தை மாசம் பஸ் பிடிச்சு விசாரிச்சுக்கிட்டே எங்க வீட்டுக்கு வந்தவரு. வாசல்ல நின்னு "மைனி"ன்னு கூப்பிட்டாரு. யாரைக் கூப்பிடறாருன்னு நான் திரும்பிப் பாத்தேன். அண்ணியைத் தெக்கத்தி ஆளுங்க அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். ஒரு டம்ளர் மோரை ஒரு மணி நேரம் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அத்தை எதிர்ல, நான் கதவோரம். "எப்படிச் செத்தான்னு சொல்லு, ஒண்ணையும் மறைக்காத"ன்னா அத்தை. அவரு சொன்னாரு. செல்லையா மேல் முகாம்ல இருந்திருக்காரு, பதினோரு பேர்ல ஒருத்தரா. குண்டு விழுந்து ஒயர் அறுந்துடுச்சு. கீழே இருந்து பீரங்கிக்காரங்க எங்க சுடணும்னு மேல இருந்து சொல்லணும், ஒயர் இல்லேன்னா ஊமை. தணிகாசலம் போய்ச் சேர்த்தாரு. திரும்பி வந்தாரு. மறுபடி அறுந்துச்சு. மறுபடி போனாரு. அதிகாரி, போதும், வேற ஆளை அனுப்பறேன்னிருக்காரு. "எங்க அறுந்திருக்கும்னு எனக்குத்தான் சார் தெரியும், புது ஆள் தேடிக்கிட்டு நிப்பான்"னு சொல்லிட்டு மூணாவது தடவையும் போயிருக்காரு. செல்லையா மேல காதுல போனை வெச்சுக்கிட்டே இருந்திருக்காரு. சத்தமே இல்லாத போன். கொஞ்ச நேரத்துல கரகரன்னுச்சாம். அப்புறம் அவரோட குரல். "செல்லையா, கேக்குதா?" "கேக்குதுண்ணே, நல்லா கேக்குது." அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு குண்டு. "ஆனா மைனி, லைன் அறுந்துபோகலை. அண்ணன் போட்ட முடிச்சு அப்படி. மறுநாள் விடியுத வரைக்கும் அந்த லைன்லதான் பேசுனோம். பதினோரு பேரும் உயிரோட கீழ எறங்குனோம், அந்த லைனாலதான்." சொல்லிட்டு மோரைக் குடிக்காமலே கீழே வெச்சாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதே அளவுக்குக் கோவமும் வந்துச்சு. மூணாவது தடவை போகும்போது என்னை நினைச்சாரா, என் செருப்பை நினைச்சாரான்னு கேக்கணும்போல இருந்துச்சு, கேக்கலை. செல்லையாவுக்கு எப்படித் தெரியும். கடைசியா பேசினது "கேக்குதா"ன்னு ஒரு வார்த்தை. அதுவும் எனக்கு இல்லை. அன்னிக்கு அப்படித்தான் நினைச்சேன். இந்த வயசுல அந்தக் கோவம் போயிடுச்சு. எந்தப் பதினோரு பேரோட பொண்டாட்டிங்களுக்கோ தாலி தங்கிச்சு, அவங்களுக்கு அவர் பேர்கூடத் தெரிஞ்சிருக்காது. தெரியாதவங்களுக்காக மூணாவது தடவை போறது யாரால முடியும்? என்னால முடியாது. ஒரு வார்த்தை சொல்ல எழுந்து நிக்கறதுக்கே நான் விரலை மடக்கி எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

பதினேழு. ஏகாம்பரம் தொண்டையைச் செருமறாரு. எதுக்குச் செருமறாரு? ஏதாவது சொல்ல வர்றாரா? காலையில இருந்து ஒரு வார்த்தை சொல்லலை, எழுந்து சொல்லுன்னும் இல்லை, வேணாம்னும் இல்லை. புடவையை மட்டும் இஸ்திரி போட்டு வெச்சிருந்தாரு. செருப்பைத் தொடலை. கல்யாணம் ஆன புதுசுல ஒரு நாள் அந்தச் செருப்புக் கதையை இவர்கிட்ட சொன்னேன், சொல்லிட்டு, அடடா, தப்பாப் போச்சேன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். "அது அவரோட வேலை. நான் அதுல கை வெக்க மாட்டேன்"னாரு. இன்னி வரைக்கும் வெச்சதில்லை. காய்கறி நறுக்குவாரு, என் துணியைத் துவைப்பாரு, செருப்பை மட்டும் தாண்டிப் போவாரு. இவர்தான் அந்தத் தந்தியைக் கொண்டுவந்தவரு. அப்ப எங்க ஊர் தபால்காரர். வாரா வாரம் கடிதாசி வரும், சைக்கிளை வேகமா மிதிச்சுக்கிட்டு வந்து, பெல்லை அடிச்சு, "தணிகாசலம் வீடு!"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரிக் குரல் குடுப்பாரு. நான் மாவுக் கையோட ஓடி வருவேன். தந்தி வந்த அன்னிக்குக் குரலே இல்லை. நிலைப்படியில நிழல் விழுந்துதுன்னு திரும்பிப் பாத்தேன், கையில காகிதத்தோட நின்னுக்கிட்டு இருந்தாரு. ரொம்ப வருஷம் கழிச்சு, எங்க பெரியவ பிறந்தப்புறம்தான் மீதியைச் சொன்னாரு. தந்தி வந்தா மத்த தபாலையெல்லாம் விட்டுட்டு முதல்ல அதைக் குடுக்கணும், அதுதான் சட்டம். அன்னிக்கு எங்க தெருவுக்கு வந்திருக்காரு. நான் மாடியில வடாம் பிழிஞ்சுக்கிட்டு, காக்காயைத் திட்டிக்கிட்டு, நடுநடுவுல ஏதோ பாட்டை இழுத்துக்கிட்டு இருந்தேனாம். அப்படியே சைக்கிளைத் திருப்பி, ஊர்ல இருக்கிற மத்த எல்லா வீட்டுக்கும் தபாலைக் குடுத்துட்டு, காலனி, ஏரிக்கரை, ரயில்வே கேட்டு வரைக்கும் போய்ட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருக்காரு. "என் சர்வீஸ்ல நான் பண்ண ஒரே தப்பு அது அம்சா. அந்தப் பாட்டு முடியட்டும்னு நினைச்சேன். நீ அடுத்த பாட்டை ஆரம்பிச்சுட்ட." கேட்டதும் எனக்கு முதல்ல ஆத்திரம்தான் வந்துச்சு. எல்லாருக்கும் முன்னாடி தெரிய வேண்டியது எனக்கு, நான் காக்காயை விரட்டிக்கிட்டு இருந்தேனா? ரெண்டு நாள் பேசலை. அப்புறம் புரிஞ்சுது. அந்த ஒரு மணி நேரமும் நான் தணிகாசலம் பொண்டாட்டியா வடாம் பிழிஞ்சிருக்கேன். அதை இவர் எனக்குக் குடுத்திருக்காரு. இதை யார்கிட்ட சொன்னாலும் புரியாது, சொன்னதும் இல்லை.

பத்தொம்பது. கல்யாணப் பேச்சை எடுத்ததும் அத்தைதான். எங்க அம்மா அப்பாகூட இல்லை. மூணு வருஷமா கதவு இடுக்கு வழியா பாத்துக்கிட்டே இருந்திருக்கா. தந்தி குடுத்த நாள்ல இருந்து ஏகாம்பரம் எங்க தெரு முனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கிடுவாரு. எங்க வீட்டைத் தாண்டற வரைக்கும் தள்ளிக்கிட்டே போவாரு. பெல் அடிக்க மாட்டாரு. தணிகாசலம் வீடுன்னு கூப்பிட மாட்டாரு. தபால் இருந்தா சத்தமில்லாம ஜன்னல்ல வெச்சுட்டுப் போயிடுவாரு. ஒரு நாள் அத்தை போஸ்ட் ஆபீஸுக்கே போயிட்டா. வரிசையில நின்னு, அன்னிக்குக் கவுண்டர்ல இருந்த இவர்கிட்ட வந்ததும், ஒரு கார்டு குடுன்னு வாங்கிக்கிட்டு, "உனக்கு எங்கயாவது பொண்ணு பாக்கறாங்களா?"ன்னு கேட்டிருக்கா. பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாரும் கேக்கறாங்க. இவருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சாம். "இல்லீங்கம்மா." "அப்ப நான் சொல்றதைக் கேளு." வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னப்ப நான் மாட்டேன்னு அழுதேன், சோத்தைத் தள்ளினேன். "ஏண்டி, என் மகனை மறந்துடுவியோன்னு பயமா? நான் எதுக்கு இருக்கேன்? ஞாபகம் வெச்சுக்கிறது என் வேலை, வாழறது உன் வேலை"ன்னா. பெத்த பிள்ளையைக் குடுத்த கையோட மருமகளையும் கட்டிக் குடுத்தா. ஊர் என்னவெல்லாம் பேசிச்சு. கல்லு மாதிரி நின்னா. கல்யாணத்தன்னிக்கு என் தலையில பூ வெச்சுவிட்டது அவதான், வெக்கக் கூடாதுன்னு சொன்ன கிழவிங்களைப் பாத்து, "உங்க வீட்டுப் பூவையா வெச்சேன்?"னு கேட்டா. அப்படிப்பட்டவ, மாசி மாசம், ஆஸ்பத்திரி கட்டில்ல, முகத்துல ஆக்சிஜன் மாஸ்க்கோட, என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "என் பிள்ளையைக் கும்பல்ல சேர்த்துடாதடி." அதுவரைக்கும் எனக்குன்னு எல்லாத்தையும் செஞ்சவ, தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான். சரி அத்தைன்னு சொல்ல வேண்டியதுதானே. இந்த வாய் அப்பவும் திறக்கலை. தலையை ஆட்டினேன். கண்ணை மூடியிருந்தா. நான் ஆட்டினதைப் பாத்தாளா இல்லையான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

இருபது. "இருக்காரு." மிட்டாய் போயிடுச்சு, எப்பப் போச்சுன்னு தெரியலை, நாக்குல புளிப்பு மட்டும் இருக்கு. எழுந்து நின்னா எல்லாரும் பாப்பாங்க. ரெண்டு தாலி கட்டிக்கிட்டவளுக்கு இன்னும் என்ன அந்த வீட்டு உரிமைன்னு ஒருத்தியாவது முணுமுணுப்பா. முணுமுணுக்கட்டும், அது பயம் இல்லை. இவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அவரை இருக்காருன்னு சொல்லணுமே. சொன்னா இவருக்கு எப்படி இருக்கும்? இவர் ஒரு நாள் என்கிட்ட கணக்கு கேட்டதில்லை, யார் மேல எவ்வளவு பிரியம்னு. கேக்காத மனுஷன் முன்னாடி எப்படிச் சொல்றது. சொல்லலேன்னா அவர் கும்பலுக்குப் போவாரு. எங்க அறுந்திருக்கும்னு எனக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டுப் போனவரு, பதினேழு பேரோட பதினெட்டாவதா, ஒரே மூச்சுல. சரி, எழுந்துடுவேன். எழுந்து மறுபடி இல்லீங்கன்னு சொல்லிட்டா? ரெண்டு வார்த்தையும் ஒரே எழுத்துலதான் ஆரம்பிக்குது, பாழாப்போனது. இருபத்தொண்ணு, "ஹவில்தார் பொன்னுரங்கம், டாக்கா." "இருக்காரு." பொன்னுரங்கத்தோட தம்பி உக்கார்றதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கறாரு, முட்டி வலி, உக்காராதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க. உக்காந்துட்டாரு.

"சிப்பாய் தணிகாசலம், கார்கில்." பேப்பர்ல இருந்து கண்ணை எடுத்து சுபேதார் பாக்கறாரு. அத்தை உக்கார்ற நாற்காலியைப் பாக்கறாரு, அதுல யாரோ பையை வெச்சிருக்காங்க. என்னைப் பாக்கலை. அது மரியாதையாத்தான் இருக்கும், என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. வேப்பமரத்துல அணில் கத்துது. மைக் ஊய்ங்குது, அதே ஊய், அன்னிக்கு மாதிரியே. கால் இருக்கா? இருக்கு. ஆனா எழுந்திருக்க மாட்டேங்குது. "சிப்பாய் தணிகாசலம், கார்கில்." ரெண்டு. யாரோ திரும்பிப் பாக்கறாங்க, யாரோ ச்சுன்னு சொல்றாங்க. இன்னும் ஒண்ணுதான். அத்தை, கொஞ்சம் தோளைப் பிடியேன். கை வரலை. தோள் மேல வெயில்தான் இருக்கு. அப்ப என் காதுக்குப் பக்கத்துல, மெதுவா, ஆனா அதே இழுப்போட, வருஷக்கணக்கா நான் கேக்காத அந்தக் குரல். "தணிகாசலம் வீடு." ஏகாம்பரம் என்னைப் பாக்கலை. நேரா முன்னாடி பாத்துக்கிட்டு இருக்காரு. கண்ணு நிறைஞ்சிருக்கு. நிலைப்படியில நிக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்றாரு. "தணிகாசலம் வீடு."

எழுந்துட்டேன். மாவுக் கையோட ஓடி வர்ற மாதிரியே எழுந்துட்டேன், நாற்காலி பின்னாடி சாஞ்சு விழுது, விழட்டும். சுபேதார் மூணாவது தடவைக்கு வாயைத் திறந்தவரு அப்படியே நிக்கறாரு. "இருக்காரு"ன்னேன். வந்துடுச்சு. சரியான வார்த்தைதான் வந்துது. உக்கார வேண்டியதுதான், ஆனா தொண்டையில இன்னும் என்னமோ இருக்கு, இத்தனை வருஷமா அங்கேயே நின்னுக்கிட்டு இருந்த மீதிப் பாதி, அதுவும் கூடவே வருது, நான் தடுக்கலை. "டூட்டியில இருக்காரு." சுபேதார் பேப்பர்ல பேனாவால ஒரு கோடு போட்டாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாரு, அடுத்த பேரைக் கூப்பிட்டாரு. அந்த வீட்டு ஆள் எழுந்து இருக்காருன்னு சொல்றது கேட்டுச்சு. ஏகாம்பரம் குனிஞ்சு நாற்காலியை நிமிர்த்தி வெச்சாரு. உக்காந்தேன். என் கையை அவர் கை மேல வெச்சேன், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாரு.

"கேட்டுச்சா?"ன்னேன்.

"கேட்டுச்சு"ன்னாரு. "நல்லா கேட்டுச்சு."